கையில் தொழில், பையில் காகிதம்

தொப்பூர்க் கணவாயில் சேலத்திலிருந்து வந்த பேருந்து முதல் கியரில் ஏறிக்கொண்டிருந்தது. எதிர்ச் சாலையில் பெங்களூர்ப் பக்கமிருந்து வரும் சரக்கு லாரிகள் வரிசையாக இறங்கின. இந்த இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் நடந்த விபத்துகள் தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்டவை. அதனாலேயோ என்னவோ, இந்தச் சாலையோரத்தில் பட்டறைகளுக்குக் குறைவில்லை. பஞ்சர், ஸ்பிரிங் பட்டை, ஏர் பிரேக், வெல்டிங். லாரிக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்திருக்கும் பையன்களுக்கு இருபது வயதுகூட இருக்காது.

பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா நல்லம்பள்ளியில் இறங்க வேண்டியவர். பத்தாம் வகுப்பு முடிவுகள் வந்திருந்த நேரம் அது. மகன் முந்நூற்றுச் சொச்சம் மதிப்பெண் வாங்கியிருக்கிறான். "ப்ளஸ் ஒன்னா, ஐ.டி.ஐ.யான்னு வூட்ல ஒரே சண்டைங்க சார். அவங்கப்பா பெங்களூர்ல மேஸ்திரி. நான் பட்டது போதும், எம் பையன் கையில கரண்டி பிடிக்கக் கூடாதுங்கறாரு. எங்கக்கா பையன் பி.காம். முடிச்சுட்டு அதே பெங்களூர்ல வண்டியில சாப்பாடு கொண்டுபோயிக் குடுக்கறான். எதுங்க நல்லது?"

எனக்குப் பதில் தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "பார்த்துட்டு வந்து சொல்றேம்மா" என்றேன், மறுபடி சந்திக்கப்போவதுபோல.

அவருடைய அக்கா மகன் தனி ஆள் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் டெல்லியிலுள்ள மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024இல் வெளியிட்ட வேலைவாய்ப்பு அறிக்கையில் ஒரு கணக்கு உண்டு. 2022 நிலவரப்படி இந்தியாவில் பட்டம் பெற்ற இளைஞர்களில் வேலையில்லாதவர்கள் 29.1 விழுக்காடு, எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் 3.4 விழுக்காடு. இதை வைத்துப் படிப்பே வீண் என்று கிளம்புகிறவர்கள் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவன் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்க முடியாது, கிடைத்ததைச் செய்கிறான் என்பதுதான் அந்த 3.4. ஆனால் 29.1 என்பது நிஜமான வலி. அதிலும் தமிழ்நாட்டில் உயர்கல்விக்குப் போகிறவர்கள் அதிகம். 2021-22 கணக்கில் நாடு முழுக்க 28.4 விழுக்காடு என்றால் இங்கே 47. கல்லூரிக்கு அனுப்பி வைப்பதில் நாம் வென்றுவிட்டோம். அனுப்பி வைத்த பிறகு என்ன என்ற கேள்விதான் பேருந்துகளில் கேட்கிறது.

நல்லம்பள்ளி இருக்கும் தருமபுரி, 1965இல் சேலத்திலிருந்து பிரிந்த மாவட்டம். 2004 பிப்ரவரியில் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தபோது ஓசூரும் அதன் தொழிற்சாலைகளும் அந்தப் பக்கம் போய்விட்டன. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் எல்லாம் வரைபடத்தில் வேறு மாவட்டமாயின. இந்தப் பக்கம் மிஞ்சியது மாந்தோப்பும் புளியமரமும் தக்காளியும் கேழ்வரகும், மழையை நம்பிய நிலமும், வேலைக்குப் போகத் தயாரான கைகளும். தடங்கம், அதகபாடி பக்கம் சிப்காட் பற்றிய பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. பேச்சு நடக்கும்போதே இரண்டு தலைமுறை பெங்களூருக்கு பஸ் ஏறிவிட்டது.

அந்த பஸ்ஸைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை இருட்டும் நேரத்தில் தருமபுரிப் பேருந்து நிலையத்துக்குப் போக வேண்டும். ஊருக்கு வந்துவிட்டுத் திரும்புகிறவர்கள் கூட்டம் கூட்டமாக நிற்பார்கள். பையைப் பார்த்தே யார் என்ன வேலை என்று சொல்லிவிடலாம். சிமெண்ட் சாக்கைத் தைத்த பையில் மட்டப்பலகையின் முனை நீட்டிக்கொண்டிருந்தால் மேஸ்திரி. வயர் கூடையில் டைல்ஸ் கட்டர் இருந்தால் டைல்ஸ் ஒட்டுகிறவர். கருவி ஏதும் இல்லாமல் இரண்டு செட் துணியோடு நிற்பவர் கம்பி கட்டுகிறவராகவோ நிமிந்தாளாகவோ இருப்பார்.

காரிமங்கலம் பக்கத்துக்காரர் ஒருவர், நாற்பதைத் தாண்டியவர், டீ வாங்கிக் கொடுத்ததும் மளமளவென்று பேசினார். பதினாறு வயதில் மாமாவோடு போய்க் கலவை சுமந்தவர். நான்கு வருடம் கழித்துத்தான் கரண்டியைத் தொட விட்டார்களாம். இப்போது பூச்சு வேலைக்கு நாளொன்றுக்கு 1,100 ரூபாய் வாங்குகிறார். "சுவத்துல ரசமட்டம் வெச்சா குமிழி நடுவுல நிக்கணும். எங்கிட்ட நிக்கும். அதனாலதான் என்னை விடமாட்டேங்கறாங்க."

இவருக்கு என்ன குறை? ரிசர்வ் வங்கி வெளியிடும் 2022-23 புள்ளிவிவரத்தில் கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி நாடு முழுக்க 393 ரூபாய், தமிழ்நாட்டில் சுமார் 500, கேரளத்தில் 852. இவர் அந்தச் சராசரிகளையெல்லாம் தாண்டியவர். பி.காம். பையனைவிட மாதம் அதிகம் பார்க்கிறார். ஆனாலும் மகனை இந்த வேலைக்கு அனுப்ப மாட்டேன் என்கிறார். ஏன் என்று கேட்டதற்குக் கூலியைப் பற்றி அவர் பேசவே இல்லை. முதலில் சொன்னது பெண் கிடைக்காத கதை. "மேஸ்திரின்னா பொண்ணு வூட்டுக்காரன் டிகிரி இருக்குதான்னு கேக்கறான்." இரண்டாவதாகச் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு அடிபட்டு ஆறு மாதம் ஊரில் கிடந்திருக்கிறார். மேஸ்திரியாக இருபத்தைந்து வருடம் வேலை செய்ததற்கு அவரிடம் ஒரு காகிதம் இல்லை. எந்த வாரியத்திலும் பதிவு இல்லை. 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம் வகுத்த விதிப்படி, 18 முதல் 60 வயதுக்குள், முந்தைய 12 மாதங்களில் 90 நாள் கட்டட வேலை செய்திருந்தால் பதிந்துகொள்ளலாம். தமிழ்நாட்டில் அதற்கும் முன்பே, 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் கட்டடத் தொழிலாளர் நல வாரியம் வந்துவிட்டது. ஆனால் வாரியம் மாநிலத்துக்கு ஒன்று. வேலை கர்நாடகத்தில், ரேஷன் கார்டு தருமபுரியில். "அங்க போனா இங்க பதிங்கறான், இங்க வந்தா அங்க பதிங்கறான்."

தொழிலே இல்லாத கைகளுக்கு என்ன நடக்கும் என்பதையும் இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று சொல்லி, அம்மாநில அதிரடிப்படை இருபது பேரைச் சுட்டுக் கொன்றது. செத்தவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலைப் பக்கத்தவர்கள்; மீதியில் அரூரை ஒட்டிய சித்தேரி மலைப்பகுதிக்காரர்களும் உண்டு. கோடரி பிடிக்கத் தெரிந்த கை என்பதற்காகவே ஏஜெண்டுகள் அவர்களைத் தேடி வந்தார்கள். அந்தக் கைக்கு அதைவிட நல்ல விலை கொடுக்க மலையடிவாரத்தில் யாரும் இல்லை.

கடகத்தூர் அரசு ஐ.டி.ஐ.யில் எனக்குத் தெரிந்த ஒருவர் மூலம் பிட்டர் பிரிவின் பட்டறைக்குள் போய் நிற்க முடிந்தது. மே மாத வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக மேசைகள், மேசைக்கு ஒரு வைஸ். அதில் ஒரு இரும்புத் துண்டு, அதன்மேல் ஒரு பையனின் முழு உடம்பும். அரம் போடுவது கை வேலை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது கால் வேலை. இடது காலை முன்னால் வைத்து, எடையைப் பின்காலிலிருந்து முன்காலுக்குத் தள்ளினால்தான் அரம் மட்டமாக ஓடும். தோளால் தள்ளினால் துண்டின் இரண்டு ஓரமும் தேய்ந்து நடுவில் திட்டு நிற்கும்.

ஒரு பையன் துண்டைக் கழற்றி, துணியால் துடைத்து, மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். இரும்புக்கும் மட்டத்துக்கும் நடுவே மயிரிழை அளவுக்கு வெளிச்சம் கசிந்தது. அவன் முகம் சுருங்கியது. சுண்ணக்கட்டியை அரத்தில் தேய்த்துக்கொண்டு மறுபடி வைஸில் மாட்டினான். அடுத்த தடவை தூக்கிப் பிடித்தபோது வெளிச்சம் ஒரு மூலையில் மட்டும் இருந்தது. அவர்கள் செய்யும் துண்டு ஒன்றுக்குள் ஒன்று பொருந்த வேண்டும். வரைபடத்தில் கூட்டல் கழித்தல் 0.04 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறது. தலைமயிரின் தடிமனைவிடக் குறைவு. அதை ஒரு பதினேழு வயதுப் பையன், அப்பா ஆடு மேய்க்கிறவர், கையால் எடுக்கிறான்.

"சி.என்.சி. வந்தப்புறம் இந்த அரம் எதுக்கு சார்னு பசங்களே கேப்பாங்க" என்றார் பயிற்றுநர். "மெஷின் தப்பு பண்ணினா அது தப்புன்னு தெரியணும் இல்லீங்களா? அது இந்த ஜன்னல்லதான் தெரியும்."

இந்த நாட்டில் ஐ.டி.ஐ.க்களை நடத்தும் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கியது 1950இல். பிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் இரண்டு வருடம். வெல்டர் ஒரு வருடம். வெல்டர், ஒயர்மேன் போன்ற சில பிரிவுகளுக்கு எட்டாவது போதும். அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் இன்னொரு 1,000. ஆண்களுக்கு 40 வயது வரை இடம். பெண்களுக்கு வயது வரம்பே கிடையாது. அண்மை ஆண்டுகளில் தமிழ்நாடு அரசு டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, 2,877 கோடி ரூபாய் திட்டத்தில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை ரோபாட், முப்பரிமாண அச்சு என்று புதுப்பித்திருக்கிறது.

பெற்றோருக்குத் தெரியாத ஒரு விஷயத்தையும் பயிற்றுநர் சொன்னார். ஐ.டி.ஐ. சேர்ந்தால் படிப்பு முடிந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பத்தாவது முடித்து இரண்டு வருட ஐ.டி.ஐ. தேறியவர், ப்ளஸ் டூவின் தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் எழுதித் தேறினால் ப்ளஸ் டூவுக்குச் சமம். பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ.யிலும் நேராக இரண்டாம் ஆண்டு. சுற்று வழிதான். ஆனால் வழி அடைபடவில்லை. அதைச் சொல்லாமல், "மார்க் வரலைன்னா ஐ.டி.ஐ.க்குத்தான் போகணும்" என்று பள்ளியிலேயே பயமுறுத்தி அனுப்புகிறார்கள். எனக்குக் கோபம் வந்த இடம் இது. 0.04 மில்லிமீட்டரை எடுக்கிறவனை மக்கு என்று சொல்லி அனுப்ப எந்த ஆசிரியருக்கும் உரிமை இல்லை.

பென்னாகரம் போகும் சாலையில் இண்டூரைத் தாண்டி ஒரு வெல்டிங் பட்டறை. கேட், கிரில், டிராக்டர் டிரெய்லர் வேலை. பட்டறையின் ஓரத்தில் தகரக் கொட்டகைக்குள் பழைய உலைக்களம் ஒன்று. துருத்திக்குப் பதில் இப்போது மின்விசிறி. அந்த உலைக்களம் பட்டறைக்காரரின் அப்பாவுடையது. அவர் கொல்லர். கொழு அடித்தவர், கடப்பாரை முனை காய்ச்சிக் கொடுத்தவர், களத்துமேட்டில் கேழ்வரகாகக் கூலி வாங்கியவர். மகன் வெல்டர் ஐ.டி.ஐ. படித்து, ஒப்பந்தக்காரரிடம் சில வருடம் உருண்டு, பிறகு சவுதிக்குப் போய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் ஷட்டவுன் வேலை பார்த்தவர். கொரோனா காலத்தில் திரும்பி வந்து பட்டறை போட்டார்.

சவுதிக்கு எப்படிப் போனார் என்பதைக் கேட்க வேண்டும். மும்பையில் நடந்த தேர்வில் அவருக்குக் கொடுத்தது 6ஜி. நாற்பத்தைந்து டிகிரி சாய்த்து நிலையாக மாட்டிய குழாய். குழாயைத் திருப்பக் கூடாது. வெல்டர்தான் சுற்றி வர வேண்டும். மேலே ஒரு கை, பக்கவாட்டில் ஒரு கை, கீழே தலையை அண்ணாந்து ஒரு கை. உருகிய இரும்பு கீழே ஒழுகாமல் நிற்க வேண்டும். முடித்த பிறகு எக்ஸ்ரே எடுப்பார்கள். உள்ளே ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் தெரிந்துவிடும். "மொத தடவை பெயிலுங்க. ரெண்டாவது தடவை பாஸ். அந்தச் சர்டிபிகேட் இருக்கறதாலதான் ஏர்போர்ட்ல நம்மள ஹெல்பர் லைன்ல நிக்க வெக்காம வெல்டர் லைன்ல நிக்க வெச்சாங்க. சம்பளம் மூணு பங்கு."

இப்போது மாதம் நாற்பதாயிரம் நிற்கிறது என்றார். மழை மாதத்தில் இருபதுகூட நிற்காது. பத்தாயிரம் ரூபாய்க்குள் கையில் தூக்கிப்போகிற இன்வெர்ட்டர் மெஷின் வந்த பிறகு போட்டி கூடிவிட்டது. ஆனால் அதே மெஷினை பைக்கில் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கே போய் போர்வெல் பைப்பை ஒட்டிக் கொடுக்கவும் முடிகிறது. அதில்தான் லாபம் என்கிறார். பேசும்போதே உள்ளே வேலை செய்த பையனைப் பார்த்துக் கத்தினார். அவன் முகக்கவசம் போடாமல் சாதாரணக் கூலிங் கிளாஸோடு ராடைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். "ராத்திரி கண்ணுல மண்ணு கொட்டின மாதிரி அழுவான், காலைல மறுபடி இதையே போட்டுக்கிட்டு வருவான். ஐ.டி.ஐ. போயிருந்தா மொத நாளே இதைத்தான் சொல்லிக்குடுத்திருப்பாங்க." அந்தப் பையன் எட்டாவதோடு நின்றவன். வேலை நன்றாக வருகிறது. முப்பது வயதில் அவனுக்குக் கண் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

உலைக்களத்துப் பெரியவர் வெற்றிலை மென்றுகொண்டு அதுவரை சும்மா இருந்தார். "எங்கப்பன் எங்கையில சுத்தியலக் குடுத்தப்போ வேணுமா வேணாமான்னு கேக்கல. இவன் கேட்டுப் போனான்" என்றார்.

தமிழ்நாட்டில் கைத்தொழில் பேச்சு எப்போதும் இந்த இடத்தில்தான் முட்டி நிற்கிறது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகள் அரை நாள் பள்ளிக்கு வரட்டும், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வி என்று மாநிலமே கொதித்தது. 1954இல் காமராஜர் முதலமைச்சரானதும் திட்டம் போயிற்று. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கத்தில்தான். இந்த மாவட்டம் பிரியாமல் இருந்தவரை அது தருமபுரி. எழுபது வருடம் கழித்து, 2023 செப்டம்பர் 17 அன்று ஒன்றிய அரசு பி.எம். விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. 18 தொழில்கள், கருவி வாங்க 15,000 ரூபாய், 5 விழுக்காடு வட்டியில் கடன். பரம்பரையாகக் குடும்பம் செய்துவரும் தொழில் என்ற நிபந்தனையை நீக்கு, குறைந்தபட்ச வயதை 18இலிருந்து 35ஆக உயர்த்து என்று தமிழ்நாடு கேட்டது. ஏற்கப்படவில்லை. 2025 ஏப்ரலில் மாநில அரசே கலைஞர் கைவினைத் திட்டம் என்று 25 தொழில்களுக்கு ஒன்றைத் தொடங்கியது: 3 லட்சம் வரை கடன், 25 விழுக்காடு மானியம், அதிகபட்சம் 50,000. சேர 35 வயது ஆகியிருக்க வேண்டும்.

35 என்பதைக் கேலி செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த வாதம் புரிகிறது. பதினெட்டு வயதில் அப்பனுடைய சுத்தியலைக் கையில் கொடுத்து, கூடவே ஒரு லட்சம் கடனையும் கொடுத்தால், அந்தப் பையன் வேறெங்கும் போக மாட்டான். பெரியவரின் பேச்சு அதற்குச் சாட்சி. ஆனால் இந்தப் பயம் நம்மிடம் எல்லைமீறிப் பரவி, கையால் செய்கிற எந்த வேலையையும் குலத்தொழில்போலப் பார்க்க வைத்துவிட்டது. கடகத்தூர் வைஸில் அரம் போட்டவன் ஆடு மேய்ப்பவர் மகன். பக்கத்து வைஸில் நின்ற பெண்ணின் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். பிட்டருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் சாதி கிடையாது. இந்த மண்ணில் பிறப்பைக் கேட்காமல் தொழில் சொல்லிக் கொடுத்த இடங்களில் முதலில் வருவது அரசு ஐ.டி.ஐ. குலக்கல்வியை எதிர்த்தவர்கள் அதைத்தான் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியிருக்க வேண்டும்.

ஒகேனக்கல் வரை போனது பரிசலுக்காக. மூங்கிலைப் பிளந்து, நட்சத்திரம்போலக் குறுக்கும் நெடுக்கும் பின்னி, விளிம்பு கட்டி, அடியில் ஷீட் போட்டுத் தார் பூசுகிறார்கள். ஒரு காலத்தில் தோல். பாறைகளுக்கு நடுவே சுழலும் தண்ணீரில் ஒரே துடுப்பால் அதை நேராக விடுவதற்கு எந்த ஐ.டி.ஐ.யிலும் பாடம் இல்லை. சிறுவயதிலிருந்து ஆற்றில் கிடந்தால்தான் வரும். அவ்வளவு திறமைக்கும் கூலி காவிரி கொடுத்தால் உண்டு. பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏறினால் பரிசலுக்குத் தடை. ஆறு வற்றினால் ஆள் வருவதில்லை. பரிசல்காரர் ஒருவர் தன் மகன் கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் இருப்பதாக, கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். திறமை என்பதாலேயே ஒரு தொழிலில் பிள்ளையை நிறுத்திவைக்க வேண்டும் என்று வாதாட எனக்கு மனம் வரவில்லை. சுற்றுலா வந்தவனுக்குப் பாரம்பரியம், அவருக்கு அடுப்பு.

திரும்பும்போது தருமபுரியில் ரயில் ஏறினேன். பாலக்கோடு, மாரண்டஹள்ளி, இராயக்கோட்டை என்று மாந்தோப்புகளுக்கும் குன்றுகளுக்கும் நடுவே ஓசூர் நோக்கிப் போகும் பாதை. பாலக்கோட்டில் ஏறி எதிரே உட்கார்ந்த இளைஞன் இரவு ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். பிட்டர் ஐ.டி.ஐ. முடித்தவன். இது மூன்றாவது கம்பெனி.

முதல் ஒரு வருடம் அப்ரண்டிஸ். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் வருவது. 2019இல் திருத்திய விதிப்படி ஐ.டி.ஐ. சான்றிதழ் உள்ளவருக்குக் குறைந்தபட்சம் மாதம் 7,000. அதில் குறை சொல்ல அவனுக்கு ஏதுமில்லை. டூல் ரூமில் ஒரு பெரியவர் நிறையச் சொல்லிக் கொடுத்தாராம். அதற்குப் பிறகுதான் கதை மாறியது. டிரெய்னி என்ற பெயரில் ஒப்பந்தக்காரர் மூலமாக இரண்டு வருடம், முடிந்ததும் நன்றி, அடுத்த கம்பெனி, மறுபடி டிரெய்னி. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள், பஸ், சாப்பாடு உண்டு, கைக்குப் பதினாறாயிரம் வருகிறது. வேலை என்னவென்றால் பெல்ட்டில் வரும் பெட்டிக்கு நான்கு ஸ்க்ரூ. கரண்ட் ஸ்க்ரூடிரைவர் தானே அளவு பார்த்து நின்றுவிடும்.

"அரத்தைத் தொட்டே மூணு வருஷமாச்சுங்கண்ணா. இப்ப யாராவது ஒரு பீஸைக் குடுத்து பிட் பண்ணுன்னா எனக்கு பயமா இருக்கும்."

இவனிடம் காகிதம் இருக்கிறது. தொழில் கையை விட்டு நழுவிக்கொண்டிருக்கிறது. பேருந்து நிலையத்து மேஸ்திரியிடம் தொழில் இருந்தது, காகிதம் இல்லை. வெல்டரிடம் இரண்டும் இருந்ததால் விமான நிலையத்தில் வேறு வரிசையில் நின்றார், திரும்பி வந்து சொந்தப் பட்டறையில் நிற்கிறார். ஓசூரில் இறங்கிக் கூட்டத்தோடு படியேறும்போது எனக்கு இவ்வளவுதான் பிடிபட்டது.

ஆகவே நல்லம்பள்ளி அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டிய பதில்: சேர்க்கலாம். தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் ஐ.டி.ஐ. முடித்ததும் எந்தக் கம்பெனி பஸ் முதலில் வந்து நிற்கிறதோ அதில் ஏற்றிவிட வேண்டாம். பதினாறாயிரம் ரூபாய் இருபது வயதில் பெரிதாகத் தெரியும். இருபத்தெட்டில் அதே பதினாறாயிரம், அப்போது கை பழையதாகியிருக்கும். அப்ரண்டிஸை டூல் ரூம், மெயின்டனன்ஸ் உள்ள இடத்தில் முடிக்கட்டும். பழுது பார்க்கும் வேலைக்குப் போகிறவனுக்கு ஒவ்வொரு நாளும் வேறு கோளாறு; அதனால் கை வளர்கிறது. மோட்டார், பம்பு, ஏ.சி., வெல்டிங், வீட்டு ஒயரிங் எல்லாம் நாளைக்குச் சொந்த ஊரிலேயே வாடிக்கையாளர் உள்ள தொழில்கள். முதல் நான்கைந்து வருடம் காசு வராது என்பதையும் மறைக்கக் கூடாது. அந்த வருடங்களை வீடு தாங்குமா என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். தாங்காத வீட்டுப் பிள்ளைதான் நான்கு ஸ்க்ரூவில் போய் மாட்டிக்கொள்கிறான், அதில் அவன் தப்பு ஒன்றும் இல்லை.

ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்களுக்கும் வாசல் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஒயரிங் வேலையில் ஐந்து வருட அனுபவம் உள்ள, 21 வயது நிரம்பிய எவரும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை ஐ.டி.ஐ. மூலம் எழுதலாம், மேல்வயது வரம்பு கிடையாது. அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதவும் வழி உண்டு. அறிவிப்பு நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் நான்கு வரிச் செய்தியாகத்தான் வரும். உங்கள் தெருவில் ஒயரிங் செய்கிறவர், வெல்டிங் அடிக்கிறவர் யாராவது இருந்தால் அந்த நான்கு வரியை வெட்டி அவர் கையில் கொடுங்கள்.

தருமபுரி மாவட்டத்தில் கடகத்தூரிலும் அரூரிலும் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. சேர்க்கை பத்தாம் வகுப்பு முடிவை ஒட்டி நடக்கும். விண்ணப்பம் போடுவதற்கு முன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒரு வேலைநாளில் போய்ப் பட்டறைக்குள் நின்று பாருங்கள். எந்த மெஷின் ஓடுகிறது, எது தூசி படிந்து கிடக்கிறது, அப்ரண்டிஸுக்குப் போன வருடம் பிள்ளைகளை எங்கே அனுப்பினார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.